சாய்த்து ஆடும் கோலி ஆட்டமும் திரும்பாத மணிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், குழந்தைகளின் வீடியோ கேம் பழக்கம் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். திரையின் முன் கழியும் நேரத்தைப் பற்றிய அதன் கவலை எனக்கும் உண்டு. ஆனால், வீடியோ கேம்கள் எல்லாமே கட்டைவிரலை மட்டும் அசைக்கவைத்து அறிவை மழுங்கடிப்பவை என்று அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தியிருப்பது சரியன்று. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், கோடை விடுமுறை முழுவதும் பேத்தியுடன் உட்கார்ந்து, கையைச் சாய்த்துக் கோலிக்குண்டை உருட்டும் ஆட்டங்களில் அவளிடம் தோற்றவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஆடியவற்றுள் முதன்மையானது, ஜப்பானின் ஹட்சன் நிறுவனம் நின்டெண்டோ நிறுவனத்தின் வீ (Wii) என்னும் வீடியோ கேம் கருவிக்காக 2006-இல் வெளியிட்ட 'கொரொரின்பா' என்னும் ஆட்டம். அதில் குண்டை நேரடியாக நகர்த்த எந்தப் பொத்தானும் இல்லை. கையிலுள்ள ரிமோட்டை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, திரையில் அந்தரத்தில் நிற்கும் வழித்தடம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்கிறது. குண்டு பள்ளம் நோக்கி உருள்கிறது. வழியிலுள்ள படிகங்களைப் பொறுக்கிக்கொண்டு, விளிம்பிலிருந்து விழாமல் இலக்கைச் சேர வேண்டும். சில இடங்களில் மணிக்கட்டைக் கால்வட்டம் திருப்பினால், அதுவரை சுவராக நின்றது தரையாகிவிடும்.

இது புதிய ஆட்டமும் அன்று. திருவிழாக் கடைகளில் கண்ணாடி மூடியிட்ட சிறு வட்டப் பெட்டிக்குள் பால்ரஸ் குண்டுகளை ஆட்டி ஆட்டிக் குழிகளில் உட்காரவைத்த தலைமுறை நாங்கள். அமெரிக்காவில் அத்தகைய பெட்டி ஒன்று 1889-இலேயே பெரும் மோகத்தைக் கிளப்பியது. இரண்டு திருகுகளால் பலகையைச் சாய்த்து ஆடும் மரப்பெட்டியைச் சுவீடனின் பிரியோ நிறுவனம் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐபோனுக்கான செயலிகள் கடைக்கு வந்த 2008-ஆம் ஆண்டிலேயே அந்த மரப்பெட்டி கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது.

வகுப்பறையில் சாய்தளப் பாடத்தை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்தார்களே தவிர, அதை உணர்ந்தார்களா என்பது சந்தேகமே. இந்த ஆட்டத்தில் அதை உணராமல் ஒரு சுற்றுகூடத் தாண்ட முடியாது. உண்மையான பலகை ஒன்றைப் பத்து பாகை மட்டும் சாய்த்தால், அதில் வழுக்காமல் உருளும் திண்மக் குண்டின் முடுக்கம், அதாவது ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் கூடும் அளவு, வினாடிக்குச் சுமார் 1.2 மீட்டர். முதல் வினாடியில் அது கடப்பது ஏறக்குறைய 60 சென்டிமீட்டர்தான். சாய்வை மாற்றாமல் இன்னொரு வினாடி வைத்திருந்தால் கடந்த தொலைவு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிவிடும். கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி அறிந்த இந்த உண்மையை, என் பேத்தி விளிம்பிலிருந்து குண்டு விழுந்த பதினைந்தாவது முறையில் தானாகவே கண்டுகொண்டு, "தாத்தா, சாய்க்கிறது முக்கியமில்ல, திரும்ப நிமித்துறதுதான் முக்கியம்" என்றாள். வளைவு வருவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் சாய்க்கத் தொடங்க வேண்டும் என்பதே அவள் சொன்னதன் பொருள். வகுப்பில், வேகம் குறைவதைக் குறிக்கும் எதிர்முடுக்கம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும்போது அவளுக்கு அது அந்நியமாக இராது என்று நம்புகிறேன்.

கருவிக்குள் இருந்து சாய்வை உணரும் முடுக்கமானியும் இதே பாடத்தின் தொடர்ச்சிதான். சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று, வில் போன்ற நுண்ணிய தாங்கிகளில் தொங்குகிறது. கருவி சாயும்போது அந்த எடை அணுவளவு இடம்பெயர்வதை மின்தேக்குத்திறனின் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறனின்) மாற்றமாக அளந்து, புவியீர்ப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று அது கணிக்கிறது. சாய்வையும் குலுக்கலையும் அதனால் தனியே பிரித்தறிய இயலாது. ஆகவேதான், இத்தகைய எளிய கைபேசி ஆட்டம் ஒன்றைப் பேருந்தில் ஆடினால், ஓட்டுநர் பிரேக் போடும்போது நாம் கையை அசைக்காமலேயே திரையிலுள்ள குண்டு முன்னோக்கி ஓடுகிறது. கூட்டமான பேருந்தில் நான் இதைச் சோதித்துப் பார்த்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்பது வேறு கதை.

எனவே இந்த ஆட்டங்கள் உடலையும் அறிவையும் உறங்கவைக்கின்றன என்ற குற்றச்சாட்டு நிற்காது. அவற்றின் மீது சொல்ல வேண்டிய உண்மையான குறை வேறொன்று. ஆடுபவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், இரு கைகளும் தடையின்றித் திரும்பும் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் என் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பின்னும், உள்ளங்கை மேல்நோக்கும்படி அதை முழுவதும் திருப்ப முடிவதில்லை. பேத்தியின் ஸ்விட்ச் என்னும் நின்டெண்டோ வீடியோ கேம் கருவியில் 2017-இல் வெளிவந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' என்னும் நெடிய சாகச ஆட்டம் இருந்தது. அதன் நடுவே ஒரு கோவிலறையில் இதே கோலிப் புதிர் வருகிறது. பலகையிலுள்ள சந்துகளின் வழியே குண்டை உருட்டிச் செல்வதுதான் நேர்வழி. ஆனால் கட்டுப்பாட்டுக் கருவியையே தலைகீழாகக் கவிழ்த்தால், தடுப்புகள் ஏதுமற்ற பலகையின் முதுகு மேலே வந்துவிடும், அதன்மேல் குண்டை எளிதாக உருட்டிவிடலாம். ஆடுவோரிடையே புகழ்பெற்ற இந்தக் குறுக்குவழியைப் பேத்தி நொடியில் செய்துகாட்டினாள். நான் அதைச் செய்ய எழுந்து நின்று, முழங்கையைத் தூக்கி, உடம்பையே பக்கவாட்டில் வளைக்க வேண்டியிருந்தது. அந்தப் புதிரைப் பொத்தான்களால் ஆட வழியே வைக்கப்படவில்லை.

எனக்காவது எழுந்து நிற்க முடிந்தது. படுக்கையிலேயே இருக்கும் சிறுவன் கைபேசியை முகத்துக்கு மேலே, திரை கீழ்நோக்கப் பிடித்துத்தான் ஆடுவான். அவன் பிடித்திருக்கும் நிலையையே சமதளமாகக் கொள்ளும் வசதி செயலியில் இல்லையென்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே குண்டு குழிக்குள் போய்விடும். தொடக்க நிலையை ஒருமுறை பதிவுசெய்துகொண்டு, அதிலிருந்து எவ்வளவு சாய்கிறது என்று மட்டும் கணக்கிடுவது நிரல் எழுதுவோருக்கு மலையைப் புரட்டும் வேலையன்று; அவ்வாறு செய்யும் ஆட்டங்கள் ஏற்கெனவே உள்ளன. மணிக்கட்டு சிறிதளவே திரும்பினாலும் திரையில் பலகை அதிகமாகச் சாயும்படி அமைத்துக்கொள்ளும் தெரிவும் அப்படிப்பட்டதே.

தங்கள் இணைப்பில் புதிய செயலிகளையும் வீடியோ கேம்களையும் அறிமுகப்படுத்தும் பகுதி தொடர்ந்து வருகிறது. அதில் படத்தின் தரம், விலை, வயது வரம்பு ஆகியவற்றோடு, சாய்த்து ஆடும் ஆட்டமாயின் அதைப் படுத்துக்கொண்டே ஆட முடியுமா, ஒரு கையால் ஆட முடியுமா, சாய்வுக்குப் பதிலாகப் பொத்தான்களைப் பயன்படுத்தும் தெரிவு இருக்கிறதா என்பதையும் ஓரிரு வரிகளில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.