நகர்ந்தது தரையல்ல, சுவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆல்பம் பாட்டுகளை எப்படிப் படமாக்குகிறார்கள் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிது. ஆனால் அதில் ஒரு தகவல் தப்பு, ஒரு கருத்து அதைவிடத் தப்பு.

தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜமிரோகுவாய் குழுவின் 'வர்ச்சுவல் இன்சானிட்டி' வீடியோவில் (1996) பாடகரின் காலடியில் தரை வழுக்கிக்கொண்டு போகிறதே, அதற்காகத் தரைக்குக் கீழே கன்வேயர் பெல்ட் ஓடவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தரை அசையவே இல்லை. சுவர்கள்தான் நகர்ந்தன. அறையின் சுவர்களைத் தள்ளினால் நகரும்படி செய்துவைத்து, கேமராவையும் அந்தச் சுவரோடு சேர்த்துப் பூட்டிவிட்டார் இயக்குநர் ஜொனாதன் கிளேசர். சுவரும் கேமராவும் ஒன்றாகப் போவதால் பார்க்கிற நமக்குச் சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது, தரைதான் ஆளையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ஸ்டேஷனில் பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் கிளம்பிவிட்டதாக ஒரு நொடி தோன்றுமே, அதே ஏமாற்றுதான்.

இனி கருத்து. கிராஃபிக்ஸுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால்தான் இன்றைக்கு ஒரு பாட்டு வீடியோ எடுபடும் என்று கட்டுரை முடிகிறது. நான் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன், அவுட்டோர் ஷூட் என்றால் கேமராவும் நானே. எனக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஒரு சின்ன விஷயம் கேட்கிறேன். நாயகன் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறான், முடி மெதுவாகப் பறக்கிறது, துணி மிதக்கிறது, ஆனால் உதடு மட்டும் பாட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. எப்படி? இதில் கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை. கேமராவில் நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 தனித்தனிப் படம், எடுக்க வேண்டும். எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். நடிப்பவர் அந்த அவசரப் பாட்டுக்கே வாயசைக்க வேண்டும். அப்புறம் எடிட்டிங்கில் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓட்டினால் எல்லாமே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், உதடு மட்டும் அசல் பாட்டின் வேகத்துக்கு வந்து நிற்கும். சினிமாவில் 24, 48 என்று கணக்கு மாறும், அவ்வளவுதான். நாக்ரா டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்ட காலத்தில் வேகத்தைக் கூட்டினால் பாடகர் குரல் கீச்சுக்குரலாகிவிடும். இப்போது செல்போனில் 2எக்ஸ் என்று ஒரு தட்டு தட்டினால் குரல் மாறாமல் ஓடுகிறது.

இதைத் தெரிந்துவைத்திருந்தும் ஒருமுறை கோட்டை விட்டேன். குறுக்குத்துறை படித்துறையில் ஒரு ஜோடியை வைத்து எடுக்கிறோம். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்ட தம்பி மூன்றாவது ஷாட்டுக்குப் பாட்டைச் சாதாரண வேகத்துக்கு மாற்றிவிட்டான், நானும் வெளிச்சம் போகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. ராத்திரி வந்து சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை பாதி வேகத்தில் வாயைத் திறந்து மூடுகிறார், மாடு அசைபோடுகிற மாதிரி. மறுநாள் விடியற்காலையில் அவர்களை மறுபடி வரச்சொல்லி எடுத்தேன். இரட்டை வேகப் பாட்டுக்கு மாப்பிள்ளை வாயசைத்ததைப் பார்த்து ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, ஆனால் அந்த ஷாட்தான் அந்த வீடியோவிலேயே அழகு.

இதே வித்தையின் இன்னொரு கோடி கோல்ட்பிளே குழுவின் 'தி சயின்டிஸ்ட்' (2002). வீடியோ முழுக்கப் பின்னோக்கி ஓடுகிறது, பாடகரின் உதடு மட்டும் முன்னோக்கிப் பாடுகிறது. அதற்காக கிறிஸ் மார்ட்டின் அந்தப் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார், ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்ததாம். பணம் கொடுத்து வாங்கக்கூடியதா அது?

ஓகே கோ என்று ஒரு அமெரிக்கக் குழு இருக்கிறது. 2006இல் 8 ட்ரெட்மில்களை வரிசையாக வைத்து அவற்றின்மேல் தாவித் தாவி ஆடியதை ஒரே ஷாட்டில் எடுத்து உலகத்தையே பார்க்கவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அவர்கள் எடுத்த 'தி ஒன் மொமென்ட்' எனக்கு இன்னும் பெரிது. கிட்டார்கள் வெடிக்கின்றன, பெயின்ட் வாளிகள் கொட்டுகின்றன, தண்ணீர் பலூன்கள் உடைகின்றன, எல்லாம் தாளத்தில் விழுகின்றன. வீடியோவின் பெரும்பகுதியில் நாம் பார்ப்பது நிஜத்தில் நடந்து முடிந்தது 4.2 நொடியில். அதைப் பாட்டு நீளத்துக்கு இழுத்திருக்கிறார்கள். எந்த நொடியின் எந்தத் துணுக்கில் எது வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தால்தான் இழுத்த பிறகு அது தாளத்தில் வந்து விழும். பணம் செலவாகியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை அசத்தியது அந்தக் கணக்கு.

கிராஃபிக்ஸே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். இயக்குநர் மிஷேல் கோந்திரி கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவுக்காக எடுத்த 'ஸ்டார் கிட்டார்' (2002) கிராஃபிக்ஸ் இல்லாமல் வந்திருக்காது. பிரான்ஸில் ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே தெரியும் காட்சி, அவ்வளவுதான் வீடியோ. கம்பம், கட்டடம், பாலம் என்று கடந்து போகிற ஒவ்வொன்றும் இசையில் ஒரு ஒலி, அந்த ஒலி திரும்ப வந்தால் அந்தப் பொருளும் திரும்ப வருகிறது. பார்வைக்கு ஒரு கட் கூடக் கிடையாது. எங்கள் தொழிலுக்கு வருகிற பையன்கள் ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு கட் வைப்பதுதான் எடிட்டிங் என்று நினைக்கிறார்கள், கேட்டால் 'அப்பதாண்ணே பீட்ல இருக்கும்' என்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து இந்த வீடியோவைத்தான் காட்டுகிறேன். கோந்திரி கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன் இதைக் கோடுபோட்ட தாளில் வரைந்து, ஆரஞ்சுப் பழத்தையும் முள்கரண்டியையும் வரிசையாக அடுக்கிவைத்துத்தான் ஒத்திகை பார்த்தார்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். 'உயிரே' படத்தில் (1998) ரயில் கூரைமேல் ஆடுகிற பாட்டை ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் நிஜமாகவே ஓடும் நீலகிரி மலை ரயிலின்மேல்தான் எடுத்தார். அந்தக் காற்றும் புகையும் வளைவில் ரயில் திரும்பும்போது ஆடுபவர்கள் சாய்கிற சாய்வும் செட்டில் வருமா?

இரண்டு வேண்டுகோள். கன்வேயர் பெல்ட் தகவலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், இத்தனை கோடி வியூஸ் என்பதோடு பாடகர், இசையமைப்பாளர் பெயரை மட்டும் போடாமல், ஒளிப்பதிவாளர் பெயரையும் எடிட்டர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். யூடியூபில் வீடியோவுக்குக் கீழேயே இருக்கிறது, கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை