கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் என் அம்மாவின் சாதாரண பட்டன் போனுக்கு ஒரு வங்கியிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி வந்தது. 'கோரிக்கை' என்ற சொல்லில் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு நின்றன. தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த அம்மா, "நீயே படிச்சுச் சொல்லுப்பா" என்று போனை நீட்டிவிட்டார்.

கணினியிலும் போனிலும் உலக மொழி எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் போன்களில் 22 அலுவல் மொழிகளையும் படிக்க முடிய வேண்டும் என்று ஐ.எஸ். 16333 என்ற இந்தியத் தரவிதியும் இருக்கிறது. ஆனால் எழுத்து உள்ளே இருந்தால் மட்டும் போதுமா? அதைச் சரியாகக் கோத்துக் காட்டும் மென்பொருளும் வேண்டுமே!

இன்னொன்று: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறியீடுகள் அடங்கும், தமிழில் 70தான். அதிலும் 'கி' என்ற ஓரெழுத்துக்கே இரண்டு குறியீடுகள்: ககரத்துக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று. நீளும் செய்திக்குக் கூடுதல் கட்டணம் என்றால், நிறுவனங்கள் ஆங்கிலத்துக்குத்தானே போகும்? இந்திய மொழிச் செய்திகளுக்குத் தனிக் கட்டண முறை வேண்டும். அப்புறம், விலை குறைந்த போன்களையும் விற்பனைக்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்