மின்சாரக் காரின் முன் டயர்கள் 24,000 கிலோமீட்டரில் தேய்ந்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் மின்சார எஸ்யூவி வாடிக்கையாளர், கோயம்புத்தூர்.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், மின்சார வாகனப் பிரிவு.

பொருள்: டயர் தேய்மானம், அது பற்றிச் சொல்லாமல் விட்டது, கேட்டதற்கு வந்த பதில்.

ஐயா / அம்மையீர்,

2023-இல் உங்கள் கோவை ஷோரூமில் வாங்கிய மின்சார எஸ்யூவியின் முன் டயர்கள் இரண்டும் 24,000 கிலோமீட்டரிலேயே ஓய்ந்துவிட்டன. டயர்க் கடையில் அளந்தபோது முன்னால் 2.1 மி.மீ., பின்னால் 4.4 மி.மீ. பட்டன் (டயரின் வரிப்பள்ள ஆழம்) மிச்சம் இருந்தது. அதே டயர் புதிதாக இருக்கும்போது 7 மி.மீ. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம்தான். ஆனால் மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நிற்கும் நேரத்தில் அந்த டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது என்பதால் இரண்டையும் மாற்றிவிட்டேன். டயர் ஒன்று 10,800 ரூபாய். இதற்கு முன் வீட்டில் இருந்த பெட்ரோல் காரில் முதல் செட் டயர் 45,000-ஐத் தாண்டி ஓடியது. அதே ரோடு, ஓட்டியதும் நான்தான்.

இதைச் சொன்னபோது உங்கள் சேவை மையத்தில் முதலில் கேட்டது, "ஸ்போர்ட் மோடில் ஓட்டுவீர்களா?" என்று. இல்லை. பெரும்பாலும் எக்கோ மோடுதான். அப்புறம் காற்றழுத்தம், வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) என்றார்கள். காற்று குறைவாக இருந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமாக இருந்தால் நடுப்பகுதி தேயும், அலைன்மென்ட் தவறினால் ஒரு பக்கம் மட்டும் சாப்பிடும். என் டயர்கள் அகலம் முழுக்கச் சமமாகத் தேய்ந்திருக்கின்றன. அலைன்மென்ட் அறிக்கையையும் படங்களையும் இணைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல. பேட்டரியால் இந்தக் கார் இதே அளவு பெட்ரோல் காரைவிட 200 கிலோவுக்கும் மேல் கனம். மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையைக் கொடுக்கும், அதைத் தாங்குவது முன் சக்கரங்கள் மட்டும். வேகம் குறையும்போதும் அதே கதைதான். சாதாரண பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் ரீஜென் பிரேக்கிங்கோ மோட்டார் இருக்கும் அச்சில் மட்டும் வேலை செய்யும், அதாவது என் காரில் முன்னால் மட்டும். ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) கூடும், ரீஜெனை மூன்றாம் நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டெலிவரி நாளில் சொல்லிக்கொடுத்தது உங்கள் ஆள்தான். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சிக்னலுக்குச் சிக்னல் கிளம்புவதும் நிற்பதும் அந்த இரண்டு டயர்களின் தலையில்தான் விழுகிறது.

இதனால் டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அது இயற்பியல், அதற்காக உங்களோடு சண்டை போட முடியாது. என் புகார், தெரிந்தும் சொல்லாமல் விட்டதைப் பற்றி.

பெட்ரோல் கார் ஆயில் மாற்றப் போகும்போதெல்லாம் டயரையும் முன்பின் மாற்றிப் போட்டுவிடுவார்கள். இந்தக் காருக்கு ஆயில் இல்லை, சர்வீஸுக்கு அடிக்கடி வர வேண்டியதில்லை என்பதையே பெருமையாகச் சொல்லி விற்றீர்கள். நல்லதுதான். ஆனால் ஆயிலோடு சேர்த்து டயர் ரொட்டேஷனும் அட்டவணையிலிருந்து காணாமல் போய்விட்டது. 15,000 கிலோமீட்டர் சர்வீஸில் நானே வாய்விட்டுக் கேட்டேன். "எலக்ட்ரிக்குக்கு அதெல்லாம் தேவைப்படாது சார்" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஜாப் கார்டிலும் ரொட்டேஷன் என்ற வரியே இல்லை. கையேட்டிலோ "தேவைப்பட்டால்" என்ற ஒரே சொல். யாருக்கு, எப்போது தேவைப்படும்?

ரொட்டேஷன் செய்திருந்தால் ரப்பர் மிச்சமாகியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. முன்னால் போனது 4.9 மி.மீ., பின்னால் 2.6. சமமாகப் பங்கிட்டால் டயருக்கு 3.75. அந்தக் கணக்கில் 1.6 மி.மீ. வரம்பைத் தொட நான்குமே சுமார் 34,500 கிலோமீட்டர் வரை சேர்ந்து ஓடி, சேர்ந்து மாறியிருக்கும். இப்போது பாதி தேய்ந்த இரண்டும் புதிய இரண்டும் கலந்து ஓடுகின்றன. நடுவில் சில மாதங்கள், நனைந்த ரோட்டில் பிடிமானம் குறைந்த டயர்கள் ஸ்டியரிங் திருப்பும் சக்கரங்களில் இருந்திருக்கின்றன. இது பாதுகாப்பு விஷயம்.

பணக் கணக்கையும் பாருங்கள். நான்கு டயர் 43,200 ரூபாய், 34,500 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 1.25 ரூபாய். உங்கள் விளம்பரத்தில் "கிலோமீட்டருக்கு ஒரே ரூபாய்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது மின்சாரச் செலவு. கரண்டுக்கு ஆவதைவிட டயருக்கு அதிகம் ஆகிறது! உங்கள் இணையதளத்தில் பெட்ரோலோடு ஒப்பிட்டுச் சேமிப்பைக் காட்டும் கணக்கில் டயருக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மின்னஞ்சலில் எழுதியபோது, டயர் வாரண்டி டயர் நிறுவனத்துடையது, அவர்களிடம் கேளுங்கள் என்றீர்கள். அவர்களுடைய ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, உற்பத்திக் குறை எதுவும் இல்லை, கார் நிறுவனம் கேட்ட தன்மைப்படி செய்து கொடுத்த டயர், ரேஞ்சுக்காக உருளும் தடை (டயர் உருளும்போது வீணாகும் ஆற்றல்) குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை என்றார். இப்படி இருவரும் என்னைப் பந்தாடிய பிறகு உங்களிடமிருந்து இரண்டாவது பதில்: "டயர்கள் அரசு விதிகள் அனைத்துக்கும் உட்பட்டவை." உட்பட்டவைதான். 2022-இல் இந்தியாவில் புதிய மாடல் டயர்களுக்குக் கட்டாயமான விதி உருளும் தடை, ஈரப் பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றையும்தான் அளக்கிறது. எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பது அதில் இல்லை. ஐரோப்பாவில் யூரோ 7 என்ற வாகன மாசு விதிப்படி டயர் தேய்மானத்துக்கே 2028 முதல் வரம்பு வருகிறது. இங்கே அப்படி ஒன்று இல்லை என்பதைக் காட்டித் தப்பிப்பது பதிலாகாது.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவைத்தது. மாற்று டயர் எது போடலாம் என்று உங்கள் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டேன். "அதே சைஸில் எது வேண்டுமானாலும் போடலாம்" என்றார்கள். காரோடு வந்தது 215/60 ஆர்17, சுமை எண் 100, அதாவது டயருக்கு 800 கிலோ. கடையில் கைவசம் இருந்தது அதே சைஸில் 96, அதாவது 710 கிலோ. கடைக்காரர் விஷயம் தெரிந்தவர் என்பதால் 100 எண் உள்ளதை வரவழைத்துக் கொடுத்தார். நீங்களே கனமான காருக்கென்று தேர்ந்தெடுத்துப் போட்ட டயரை, உங்கள் ஆட்களே ஒரு படி இறக்கிப் போடச் சொல்கிறார்கள்.

முன் டயர்கள் இரண்டின் விலையில் பாதி, 10,800 ரூபாய், எனக்குத் திரும்ப வர வேண்டும். ரொட்டேஷன் கேட்டும் செய்யாமல் விட்டதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். இனி அதை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் அட்டவணையில் சேருங்கள், சுமை எண்ணோடு மாற்று டயர்ப் பட்டியலை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள். சேமிப்புக் கணக்கில் டயரையும் காட்டுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன் பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

பழைய டயர்கள் இரண்டையும் கடையில் விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் வந்து அளந்து பார்க்கலாம். வருவதற்கு முன் தேதியைச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

இணைப்பு: டயர் பில், அலைன்மென்ட் அறிக்கை, 15,000 கி.மீ. ஜாப் கார்டு நகல், டயர் படங்கள்