யார் யாரோடு நின்றார்கள்?

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உலகில் நடக்கும் போர்களுக்கெல்லாம் மதமே வேர் என்று நீ ஒரே வரியில் முடித்திருந்தாய். உன் வயதில் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன் என்பதால், உன்னைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கில்லை.

ஆனால் யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் அந்த நம்பிக்கை தடுமாறிவிடும். கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையே 1618-இல் மூண்ட முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலாக இருந்துகொண்டே பிரான்சின் முதன்மை அமைச்சராகவும் விளங்கிய ரிஷ்லியூ, கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் மன்னர்களை ஒடுக்குவதற்காகப் புரொட்டஸ்டண்ட் நாடான சுவீடனுக்குப் பணம் கொடுத்தார். ஈரானும் அஜர்பைஜானும் ஷியாக்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இருந்தும் ஈரான் நெடுங்காலமாக நெருங்கிப் பழகிவருவது கிறித்தவ ஆர்மீனியாவோடுதான். ஏமன் போரைச் சன்னி-ஷியா மோதல் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1962-இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தபோது, ஷியாக்களில் சைதிப் பிரிவைச் சேர்ந்த ஆட்சியாளரான இமாமுக்குத் துணைநின்றது சன்னி நாடான சவூதி அரேபியா. அவரைக் கவிழ்த்தவர்களுக்காகப் படை அனுப்பியது எகிப்து. 1971-இல் பாகிஸ்தான் பிளவுபட்டதை நீயே அறிவாய்.

அதற்காக மதம் வெறும் முகமூடி என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. (அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையும் உயிராக நம்பிப் பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம்.) மூண்ட சண்டை எளிதில் ஓயாதபடி செய்வதில் மதத்துக்குப் பெரும் பங்குண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையே நடந்த மோதலில் முப்பது ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோதிலும், அங்கே வழக்கு வீடு, வேலை, வாக்கு, எந்த நாட்டோடு இருப்பது என்பவை பற்றியதாக இருந்தது. ஆகவே, ஒருவர் தம்மைப் பிரித்தானியராகவோ அயர்லாந்தினராகவோ இருவருமாகவோ கொள்ளலாம் என்று 1998 அமைதி உடன்படிக்கையில் எழுத முடிந்தது. எருசலேமில் யூதர்கள் கோயில் மலை என்றும் முஸ்லிம்கள் ஹரம் அல்-ஷரீஃப் என்றும் போற்றும் மேடு 40 ஏக்கர்கூட இல்லை. எல்லைக்கோட்டை நகர்த்தலாம், ஆற்று நீரைப் பங்கிடலாம். இறைவனுக்குரியது என்று தம் மக்கள் நம்பும் இடத்தில் ஒரு சாண் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்ப எந்தத் தலைவர் துணிவார்? 2000-இல் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் இடையே நடந்த பேச்சு முறிந்ததற்கு அந்த மேட்டின் மீதான உரிமையும் ஒரு காரணம்.

மறுப்பு இருந்தால் விரிவாக எழுது.

அன்புடன்,
அம்மா