அப்பா சொன்ன குருந்தம்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். உன் அப்பா காரியத்துக்கு நான் வரவில்லை. அப்புறம் போன் செய்யவும் மனம் கூசி, எட்டு மாதம் ஓடிவிட்டது. நேரில் வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இப்போது இதைக் கேள்.

அப்பத்தாவின் சிவப்புக்கல் தோடு ஞாபகம் இருக்கிறதா? மாதுளம்முத்து என்று நீ கேலி செய்வாயே, அதேதான். தங்கைக்குக் கொடுக்குமுன் கல்லைச் சோதிக்கக் கொடுத்தோம். சான்றிதழின் முதல் வரியில் 'இயற்கை கொரண்டம்' என்று இருந்தது. மாணிக்கம் இல்லை என்று அம்மா அழுதேவிட்டாள். அடுத்த வரியிலேயே 'வகை: ரூபி' என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

கொரண்டம் என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. ஆங்கில அகராதியைப் புரட்டினால், மூலம் தமிழ் என்று போட்டிருக்கிறது! நம் குருந்தம்தான் அங்கே போய்க் கொரண்டம் ஆகியிருக்கிறது. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இந்தக் கல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். பார்க்கப்போனால் அது வெறும் அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சனிக்குப் பயந்து உன் மாமனார் போட்டிருக்கும் மோதிரக் கல்லும் அப்பத்தாவின் தோடும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடினத்தில் மோஸ் அளவுப்படி 9. அதற்கு மேலே 10-இல் வைரம்.

மங்கலான மட்டக் கல்லை என்ன செய்வார்கள் தெரியுமா? பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் வார்ப்பார்கள். இதைப் படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்கள் தாத்தா காலத்துச் சக்கரத்தைத் தட்டிக்காட்டி, "இது குருந்தம்டா" என்பாரே அப்பா. குருந்தம் என்றால் மரம், மாணிக்கவாசகருக்கு உபதேசம் நடந்த மரம் என்று தமிழ் ஐயா சொன்னதை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் அவரோடு மல்லுக்கு நின்றோம். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் தீட்டுவார். அவர் சொன்னதுதான் சரி, முருகேசா. அதை அவரிடமே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆறவில்லை.

அந்தச் சக்கரம் இன்னும் பரணில்தானே இருக்கிறது? வீடு ஒழிக்கிறேன் என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன். தோட்டையும் எடுத்து வருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உன்,
செல்வம்