மூன்றரை வயதுக்கு நாலு கோடு நோட்டு எதற்கு?

ஆசிரியருக்கு,

என் பேத்திக்கு மூன்றரை வயது, எல்.கே.ஜி. போகிறாள். போன வாரம் நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். பென்சிலை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்து எழுதினாள். பாதிப் பக்கத்திலேயே கை வலி, அழுகை.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பே தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. பெரியவர்களுக்கு இருக்கும் 8 சிறு எலும்புகளும் அங்கே தெரிவதற்கு ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். எழுதும் முன் உருட்டி, பிசைந்து, கிள்ளி விரல்கள் பழக வேண்டும் என்கிறார்கள் குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்கள். பின்லாந்தில் ஒன்றாம் வகுப்பே 7 வயதில்தான்.

அதே பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்தேன். மேல் தட்டுவடையைத் தூக்கி வைத்துவிட்டு, பீட்ரூட் துருவலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, "தாத்தாவுக்கு மூணு, எனக்கு நாலு" என்று கால் மணி நேரம் பங்கு போட்டாள். (சட்டை பாழ், அது வேறு.) கை வலிக்கவில்லை.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் எல்.கே.ஜி.க்கு எப்படி? பள்ளியில் கேட்டால், "பெற்றோர்தான் கேட்கிறாங்க சார்" என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை, என் மகனே கேட்கிறான்.

சேலம் மாவட்டக் கல்வி அதிகாரிகள் மழலையர் வகுப்புகளுக்கு ஒரு நடை போய் அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விளையாடக் களிமண் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

ஒரு தாத்தா,
அம்மாபேட்டை, சேலம்