பேரனுக்கு ஒரு வகுப்பறை

திருகோணமலை,
பங்குனி மாதம்.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனை இவ்வாண்டும் பள்ளிக்கு அனுப்பாமல், ஓர் ஆசிரியையை வீட்டுக்கு வரவழைத்துப் படிப்பிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அதில் உடன்பாடில்லை. மருமகன் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் பாங்கொக் நகரத்து அரண்மனையிலிருந்தே என் காரணத்தைச் சொல்கிறேன்.

1862 இல் தாய்லாந்தை ஆண்ட மொங்குட் அரசர், ஆனா லியோனோவென்ஸ் என்ற ஆசிரியையை வரவழைத்துத் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செய்தார். (அந்த அம்மையார் பின்னாளில் எழுதியவற்றில் மிகை அதிகம் என்பார்கள், வந்து படிப்பித்தது மெய்.) அரசருக்குப் பிள்ளைகள் பலர் இருந்ததால், அரண்மனைக்குள்ளேயே ஒரு வகுப்பு நிறைந்துவிட்டது. பிற்காலத்தில் ஆண்ட பூமிபோல் அரசருக்கோ நான்கே பிள்ளைகள். ஆளுக்கோர் ஆசிரியரை அமர்த்துவது அவருக்குப் பெரிய காரியமன்று. அவ்வாறிருந்தும், மூத்த மகள் உபோல்ரத்தனாவுக்காக 1955 இல் துசித் அரண்மனை வளவில் ஒரு பாலர் வகுப்பைத் தொடங்கியபோது, இளவரசியோடு சேர்த்து எட்டுப் பிள்ளைகளை அதில் இருத்தினார். இரண்டு ஆண்டுகளில் அது சித்ரலடா இல்லத்துக்கு மாறி, அப்பெயராலேயே பள்ளியாயிற்று. அரண்மனைப் பணியாளரின் பிள்ளைகளும், பின்னர் வெளியார் பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். அரசரின் பிள்ளைகள் என்பதற்காக ஆசிரியர்கள் சலுகை காட்டக் கூடாது என்பது ஏற்பாடு. அதே வளவில் அரசர் நெல் வயலும் மீன் குளமும் பாற்பண்ணையும் நடத்தினார் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. படிக்கிற பிள்ளையின் மூக்கில் மாட்டுச் சாணத்தின் வாடையும் கொஞ்சம் படத்தான் வேண்டும்.

அவருடைய இன்னொரு மகள், இளவரசி சிரிந்தோர்ன், அப்பள்ளியிலேயே படித்து முடித்து, 1973 இல் சுலலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குச் சென்றார். பின்னாளில் பட்டத்து இளவரசரான மகனை 1966 இல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கேயும் அவர் போனது ஒரு பள்ளிக்குத்தான்.

என் கதை உனக்குத் தெரியாது. காய்ச்சலால் மெலிந்திருந்த என்னை அப்பாச்சி ஓராண்டு வீட்டிலேயே வைத்து, பெரியப்பாவிடம் படிக்க விட்டார். பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்காமல் ஒப்புவித்த நான், மறுவருடம் பள்ளிக்குப் போனபோது, இடைவேளையில் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். திருக்கடலூரிலிருந்து வந்த ஒரு மீனவர் மகன்தான் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் வாங்கில் இடம் தந்தான். கணக்கு அவனுக்கு வராது. கச்சான் காற்று எப்போது திரும்பும் என்பது எனக்கு வராது. அவனிடம் நான் கற்றதைப் பெரியப்பா கற்பித்திருக்க முடியாது.

அங்கே பள்ளிகள் மே மாத நடுப்பகுதியில் தொடங்குகின்றன அல்லவா? இன்னும் நாள் இருக்கிறது. கட்டணம் குறைந்த, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியாகப் பார். சேர்த்த பிறகு, அவன் பக்கத்தில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா